பொதுச்சுவர்

1

அக்கா பையன் ஆறாம் வகுப்பு. அவனுடைய கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதம் தீக்குச்சிகளிலிருந்து ஆரம்பிக்கிறது. நான் படித்தபோது நேராக எக்ஸிலிருந்து ஆரம்பித்தது. எக்ஸ் யார், எதற்காக வந்திருக்கிறான் என்று கேட்கும் தைரியம் எங்கள் வகுப்பில் யாருக்கும் இருக்கவில்லை. தீக்குச்சி தேவலை என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனோடு தரையில் உட்கார்ந்தேன். இதைப் பற்றி எழுதும் உத்தேசம் அப்போது இல்லை.

கணக்கு இதுதான். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம். அதன் வலப்பக்கக் குச்சியை ஒட்டியே அடுத்த சதுரம். அதற்குப் புதிதாக மூன்று குச்சி போதும். அதற்கடுத்ததற்கும் மூன்று. ஆக 4, 7, 10, 13 என்று வரிசை போகிறது. பத்துச் சதுரத்துக்கு எத்தனை குச்சி? தரையில் அடுக்கி, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, 31 என்றான். சரி. இருபதுக்கு? இம்முறை அவன் குச்சியைத் தொடவில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது: 62.

"எப்படிடா?"

"பத்துக்கு முப்பத்தொண்ணு. இருபதுன்னா ரெண்டு பத்து, மாமா."

குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. தப்பு என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றும் காரணமில்லை. விடை 61 என்பது எனக்குத் தெரியும்; 62 ஏன் ஆகாது என்பது அந்தக் கணத்தில் எனக்கே பிடிபடவில்லை. சரியான விடையைத் தெரிந்துவைத்திருப்பதும் தப்பான விடையைப் புரிந்துகொள்வதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்பதை, பி.ஏ. ஆங்கிலமும் பதினான்கு வருஷப் பேரேட்டு உத்தியோகமும் எனக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

சமையலறையிலிருந்து இன்னொரு பெட்டி எடுத்துவரச் சொன்னேன். முதல் வரிசைக்குக் கீழே இன்னொரு பத்துச் சதுரத்தைத் தனியாக அடுக்கினான். அதற்கும் 31. பிறகு இரண்டாவது வரிசையைக் குச்சி குச்சியாக நகர்த்தி முதல் வரிசையின் முனையில் கொண்டுபோய் ஒட்டினான். ஒட்டிய இடத்தில் இரண்டு குச்சிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"இது ரெண்டு வீட்டுக்கும் பொது, மாமா."

வீடு என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் குடியிருப்பது ஒரே சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அந்தச் சுவரில் ஆணி அடிப்பது சம்பந்தமாகப் பக்கத்து வீட்டாரோடு பழைய மனஸ்தாபம் உண்டு. சொல் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

2

62ஐ மடத்தனம் என்று தள்ளுவதற்கில்லை. பத்து முட்டைக்கு என்ன விலையோ அதைப்போல் இரண்டு மடங்கு இருபது முட்டைக்கு. பஸ் டிக்கட், பால், ட்யூஷன் சம்பளம் என்று அவனுடைய பதினோரு வருஷ உலகம் முழுவதும் இந்த விகிதத்தின்மேல் நிற்கிறது. அவன் அந்த உலகத்திலிருந்து ஒரு விதியை நியாயமாகவே கடன் வாங்கி இங்கே பிரயோகித்தான். எங்கள் கவுண்டரில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் கூட்டு வட்டியையும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். (பாதிப் பேர் என்று எழுதிவிட்டேன். எண்ணிப் பார்த்ததில்லை.)

கே ஸ்டேஸி என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்த மாதிரிக் கணக்குகளைச் சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஏணிக்கும் குச்சிகள்தான்; படிகள் கூடக் கூட எத்தனை குச்சி என்பது கேள்வி. எண்ணியோ வரைந்தோ கண்டுபிடித்துவிடக்கூடிய கேள்விகளை அவர் கிட்டத்துக் கேள்விகள் என்றும், அப்படி எண்ணி முடியாதவற்றைத் தூரத்துக் கேள்விகள் என்றும் பிரித்தார். கிட்டத்தில் சரியாக எண்ணிய பிள்ளைகளே தூரத்துக்கு வந்ததும் சுலபமான, தப்பான விதிக்குத் தாவிவிடுகிறார்கள். முன்பு செய்ததற்கும் இப்போது செய்வதற்கும் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இரட்டிப்பு விதி அவற்றில் முக்கியமானது.

இது பிள்ளைகளைப் பற்றிய விஷயம் மட்டும்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கிட்டே இருப்பதை எண்ணுகிறோம். தூரத்தில் இருப்பதைப் பெருக்கிவிடுகிறோம்.

தூரத்துக்குப் போக இன்னொரு வழி உண்டு. மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. பையன் அடுத்து அதைத்தான் செய்தான். இது தப்பில்லாத வழி. ஆனால் ஒவ்வொரு வீடாக நடந்து போக வேண்டும். நூறாவது வீட்டுக்குப் போக, 99 வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். எந்த வீட்டையும் தாண்டாமல் எந்த வீட்டுக்கும் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் அல்ஜீப்ராவின் முதல் கேள்வி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அதற்கு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. குச்சிகளைப் பார்க்க வேண்டும். முதல் சுவர் ஒன்று, பிறகு வீட்டுக்கு மும்மூன்று குச்சி என்று பார்க்கலாம். முதல் வீடு முழுசாக நான்கு, மற்ற வீடுகளுக்கு மும்மூன்று என்று பார்க்கலாம். கூரை வீட்டுக்கு ஒன்று, தரை வீட்டுக்கு ஒன்று, சுவர்கள் மட்டும் வீடுகளைவிட ஒன்று அதிகம் என்று பார்க்கலாம். அல்லது எல்லாவற்றையும் தனித்தனி வீடாக நான்கு நான்கு குச்சியில் கட்டிவிட்டு, பொதுச்சுவர்களை ஒரு தடவை கழித்துவிடலாம். நூறு வீட்டுக்கு இந்த நான்கும் 301 என்கின்றன. ஒரே பொருளின்மேல் நான்கு பார்வைகள். அவை வெவ்வேறு பார்வைகளாக இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று சமம் என்று நிரூபிக்கவும் முடிகிறது. இலக்கிய விமர்சகன் ஒருவனுக்குப் பொறாமை தரும் ஸ்திதி இது. ஒரு கவிதைக்கு நாம் நான்கு வாசிப்புகள் எழுதுகிறோம். நான்கும் ஒன்றா என்று சரிபார்க்க நம்மிடம் எதுவும் இல்லை. பகைமை மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். பொதுவான விதியைச் சொல்லும்போது பையனிடம் அதற்கான சொல் இருக்கவில்லை. "இங்க ஒண்ணு, அப்பறம் மூணு, மூணு, மூணு, இப்படியே" என்றான். ஒவ்வொரு மூணுக்கும் கை காற்றில் ஒரு வெட்டு வெட்டியது. 'இப்படியே' என்றபோது கை வீட்டைத் தாண்டி வாசல் பக்கம் போயிற்று. லூயிஸ் ராட்ஃபோர்ட் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: எழுத்துக் குறிகள் வருவதற்கு முன்பே பொதுமை சைகையிலும் குரலின் தாளத்திலும் வந்துவிடுகிறது என்று. எக்ஸும் என்னும் பிற்பாடு வந்து அமரும் நாற்காலியை அந்தக் கை முன்கூட்டியே போட்டுவைத்துவிடுகிறது.

3

'இப்படியே' என்பது எவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகும்?

வட்டம் ஒன்று வரைந்து அதன் விளிம்பில் இரண்டு புள்ளி வையுங்கள். நேர்கோட்டால் சேர்த்தால் வட்டம் 2 துண்டாகிறது. மூன்று புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்தால் 4 துண்டு. நான்கு புள்ளிக்கு 8. ஐந்துக்கு 16. ஆறுக்கு? 32 என்று சொல்லாதவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. வரைந்து எண்ணினால் 31தான் வரும். எந்த மூன்று கோடும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் அதிகபட்சம் அவ்வளவுதான். எங்கே அந்த ஒரு துண்டு என்று தேடுவது வீண். அது எங்கேயும் தொலையவில்லை. இரட்டிப்பாகும் நிர்ப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே அந்த வட்டத்துக்கு இல்லை. அது நம் மனசில் இருந்தது.

பெரிய மனசுகளிலும் இருந்திருக்கிறது. 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இவ்வழியில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள்தாம் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அடுத்த எண்ணை எடுத்துப் பார்த்தார். 429 கோடியைத் தாண்டிய அந்த எண் 641ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் யாருக்கும் அகப்படவில்லை. ஃபெர்மாவுக்குக் கிடைத்த உதாரணங்கள் முழுவதும் அவருக்குச் சாதகமானவை. எனில் அவை அந்த ஐந்து மட்டும்தான்.

தீக்குச்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தீக்குச்சியிலும் நாம் பார்த்தது நாலைந்து உதாரணங்கள்தாம். ஆயிரமாவது வீட்டை யாரும் கட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆயிரம் வீட்டுக்கு 3001 என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. காரணம், அங்கே நம்பிக்கை உதாரணங்களின் எண்ணிக்கையிலிருந்து வரவில்லை. அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் ஏன் பொதுவாகிறது என்பதை ஒரே ஓர் இடத்தில் பார்த்தாகிவிட்டது. பையன் கையில் எடுத்த அந்த ஒரு குச்சிக்குள் ஆயிரமாவது வீடும் இருந்தது. வட்டத்தில் நமக்கு அப்படி ஏதும் தெரிந்திருக்கவில்லை; நான்கு எண்கள் மட்டும் தெரிந்திருந்தன.

ஆகவே, பல உதாரணங்களைக் குவித்தால் பொதுமை கிடைக்கும் என்பது ஒரு பிரமை. ஒன்றை அதன் காரணத்தோடு பார்ப்பவனுக்கு ஒன்று போதும். காரணமில்லாமல் பார்ப்பவனுக்கு ஐந்தும் போதாது, ஐந்நூறும் போதாது.

4

இப்போது என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். கடன் கொடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. மனு வாங்குவது, தாள்களைச் சரிபார்ப்பது, கணினியில் ஏற்றுவது என் வேலை. மேலாளர் கேட்டால் வாய்மொழியாக ஓர் அபிப்பிராயம் சொல்வதும் உண்டு. இந்தக் கடைசி வேலை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குப் பலம் அதிகம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாள் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்தார். தாள்களில் குறை ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் கணினி 300க்கும் 900க்கும் இடையில் ஓர் எண்ணைச் சொல்லி மனிதர்களைத் தரம் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் முன்பு கடனே வாங்காதவரைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. அந்த அம்மாள் அதுவரை யாரிடமும் கையேந்தாதவர். மேலாளர் மனுவில் ஊர்ப் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர் எப்படி?"

"பொதுவா அந்த ஊர் சரியில்லை சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. மனு நிராகரிக்கப்படவில்லை. 'பார்க்கலாம்' என்கிற இடத்தில் வைக்கப்பட்டது. நம் அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். அந்த அம்மாள் இரண்டு தடவை வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வரவில்லை.

தீக்குச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த ஊர்க் கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். குற்ற உணர்ச்சியால் என்று சொன்னால் அது அலங்காரம். 'பொது' என்ற சொல் இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பதினோரு வயதுப் பையன் அதை எவ்வளவு சிரமப்பட்டுச் சம்பாதித்தான் என்று பார்த்துவிட்ட பிறகு, நான் அதை எவ்வளவு இலவசமாகச் செலவு செய்தேன் என்பது தெரிந்தது.

அந்த ஊருக்குப் பத்து வருஷத்தில் கொடுத்தது பதினோரு கடன். எட்டு கட்டி முடிந்தவை. மூன்று நிலுவை. அந்த மூன்று பேரையும் எனக்கு முகம் தெரியும். எட்டுப் பேரில் ஒருவரைக்கூடத் தெரியாது. தெரிய வழியுமில்லை. தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு நாங்கள் கடிதம் போடுவதில்லை, போன் செய்வதில்லை, வீடு தேடிப் போய் நிற்பதில்லை. என் ஞாபகத்தில் இடம்பிடிக்க ஒருவர் முதலில் கடனைக் கட்டாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஞாபகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு ஊரை எண்ணினேன். என்னுடைய மூன்று உதாரணங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அந்த மூன்று தவறுகளே.

நிலுவைக் கோப்புகளைப் புரட்டினேன். இரண்டில் மாடு செத்துப்போயிருந்தது, காப்பீடு புதுப்பிக்கப்படவில்லை. மூன்றாவதில் காரணம் எதுவும் எழுதப்படவில்லை.

கவனிக்க வேண்டும். இங்கே ஒரு பொதுச்சுவர் இருக்கத்தான் செய்தது. காப்பீடு விட்டுப்போன கடன், மாடு செத்தால் விழுந்துவிடும். இது காரணத்தோடு கூடிய பொதுமை. எந்த ஊருக்கும் பொருந்தும். அதைப் பார்த்திருந்தால் அந்த அம்மாளிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்திருக்கும்: 'காப்பீட்டை வருஷா வருஷம் புதுப்பித்துவிடுங்கள்.' நான் பார்த்தது ஊர்ப் பெயரை.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஒவ்வொரு மனிதனும் தனி. பொதுமைப்படுத்துவதே பாவம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஒரு சௌகரியம் நம் எழுத்தாளர்களிடையே மலிந்து கிடக்கிறது. தனித்துவ வழிபாடு. இதுவும் பார்க்க மறுப்பதன் இன்னொரு விதம்தான். பதினோரு கடன்களையும் பதினோரு தனித்தனி விதிகள் என்று வர்ணித்து உருகிக்கொண்டிருந்தால், பன்னிரண்டாவது மாடு சாவதைத் தடுக்க முடியாது. பொதுமைப்படுத்தாமல் யாரும் ஒரு நாள்கூட வாழ முடியாது. எதன் பேரில் செய்கிறோம், கேட்டால் அந்த ஒரு குச்சியைக் கையில் எடுத்துக் காட்ட முடியுமா என்பதே கேள்வி.

5

விட்கென்ஸ்டைன் இறந்து இரண்டு வருஷங்களுக்குப் பின், 1953இல் வெளியான அவருடைய புத்தகத்தில் ஒரு மாணவன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரம் வரை சரியாகவே போகிறான். அதற்குமேல் 1004, 1008, 1012 என்று எழுதுகிறான். என்ன செய்கிறாய் என்று கேட்டால் அவனுக்கு ஆச்சரியம். இதுவரை செய்தது மாதிரியேதான் செய்கிறேன் என்கிறான். கொடுத்த உதாரணங்கள் எல்லாமும் அவன் பக்கமும் பேசும் என்பதுதான் அங்கே பயங்கரம். எத்தனை உதாரணம் கொடுத்தாலும் 'இதே மாதிரி' என்பதற்கு என்ன அர்த்தம் என்பதை அந்த உதாரணங்களே தீர்மானித்துவிட முடியாது. இந்தப் பகுதியின்மேல் எழுதப்பட்ட வியாக்கியானங்கள் ஒரு நூலகத்தை நிரப்பும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. விட்கென்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை கீழ் ஆஸ்திரியாவின் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கணிதத்தில் அசாத்திய ஆர்வத்தோடு சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஏழைப் பிள்ளைகளில் சூட்டிகையானவர்களுக்காகத் தன் நேரத்தையெல்லாம் செலவழித்திருக்கிறார். பிடிபடாத பிள்ளைகளை அடித்திருக்கிறார், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். 1926 ஏப்ரலில் அவர் அடித்த அடியில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். அதோடு ஆசிரியர் வேலையை விட்டார். பத்து வருஷம் கழித்து அந்தக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய், தான் அடித்த பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனதும், 'இதே மாதிரி' என்பதன் அஸ்திவாரத்தைத் தோண்டும் அந்தப் பகுதிகளை எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் ஸ்தாபிக்க முடியாது. நாலு உதாரணங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் அந்தரங்கத்தைப் பற்றி விதி எழுதுவது இக்கட்டுரையின் வாதத்துக்கே விரோதம். ஆனால் புத்தகத்தில் உள்ள ஆசிரியர் அந்த மாணவனை அடிக்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன். வேறு மாதிரி தொடர்கிறவன் முன்னால் காரணங்கள் தீர்ந்துபோய் நிற்கிறார். காரணம் தீர்ந்த இடத்தில் கை ஓங்குவது சுலபம். 'தப்பு' என்று உரக்கச் சொல்வது அதன் நாகரிகமான வடிவம். 'பொதுவா அந்த ஊர் சரியில்லை' என்பது அதைவிட நாகரிகமானது, சத்தமே வராது.

6

இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வில் டீட்மர் குச்செமன் என்பவர் அல்ஜீப்ரா எழுத்துக்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று: 'எல் கூட்டல் எம் கூட்டல் என்' என்பதும் 'எல் கூட்டல் பி கூட்டல் என்' என்பதும் எப்போது சமமாகும்? எப்போதுமா, ஒருபோதும் இல்லையா, சில சமயமா? ஒருபோதும் ஆகாது என்றவர்கள் ஏராளம். எம் வேறு, பி வேறு. ஆகவே அவை ஒரே எண்ணாக இருக்க முடியாது. பெயர் வேறானால் ஆள் வேறு. இந்த விடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. பதினான்கு வயதுக்குள் நாம் இதை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

எழுத்து எதற்காக வந்தது என்பதை மறந்தால் இப்படி நேரும். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைப்பது பழைய பழக்கம். பாஸ்கரர் 1150இல் எழுதிய பீஜகணிதத்தில் முதல் தெரியாததற்கு 'யாவத் தாவத்' என்று பெயர்; எவ்வளவோ அவ்வளவு. அடுத்தடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்கள்: கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. ஒளிந்திருப்பவன் ஒருவன், கணக்கு முடிந்ததும் பிடிபட்டுவிடுவான். 1591இல் பிரெஞ்சுக்காரரான வியெட் ஒருபடி மேலே போனார். தெரியாததற்கு மட்டுமின்றித் தெரிந்ததற்கும் எழுத்தைக் கொடுத்தார். கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எது என்று சொல்லப்படவில்லை. எது வந்தாலும் சரி. ஒளிந்திருப்பவனைப் பிடிக்கும் சாமர்த்தியத்திலிருந்து, யார் வந்தாலும் வரவேற்கும் தயார்நிலைக்கு அல்ஜீப்ரா நகர்ந்தது அந்த இடத்தில்தான்.

நமது புத்தகங்களில் அந்த எவருக்குமான எழுத்து பெரும்பாலும் 'என்'. தமிழில் எழுதும்போது அது உடைமைச் சொல்லாகிவிடுவது ஒரு விபரீதம். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று, என்னுடையது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. நான் மேலாளரிடம் சொன்ன பொதுமை அந்த வகை. என் மூன்று பேர், என் ஞாபகம், என் அலுப்பு. பையன் கண்டுபிடித்த பொதுமை வேறு. எத்தனையாவது வீட்டுக்காரர் வந்து கேட்டாலும், 'வாருங்கள், உங்கள் வீட்டையும் எண்ணிப் பார்ப்போம்' என்று சொல்லக்கூடியது. வந்தவர் எண்ணிவிட்டுத் தப்பு என்றால் விதி விழுந்தாக வேண்டும். விழச் சம்மதிக்காத விதி எதுவானாலும் அது அபிப்பிராயம்தான்.

நமது காரியத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 'இன்றைய இளம் கவிஞர்கள்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் அதில் ஒன்பது. அதற்காக நான் படித்திருந்த தொகுப்புகள் நான்கு. அவற்றில் இரண்டு எனக்கு எரிச்சல் மூட்டியவை. ஆகவே அவைதாம் நினைவில் நின்றன. எட்டுப் பேர் ஒழுங்காகக் கட்டியிருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை. நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த ரகம் என்று எழுத வருகிறது. எழுதினால் அது பத்தாவது வாக்கியமாகிவிடும். என்னளவில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அதில் எந்தச் சொல் எதைத் தாங்கி நிற்கிறது, எது எடுத்துவிடக்கூடிய இரட்டைக் குச்சி என்று காட்ட முடிந்தால், பிறகு அந்தக் கவிஞரைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறையைப் பற்றிப் பிற்பாடு.

அந்த அம்மாளின் மனு இன்னும் அதே கோப்பில் இருக்கிறது. பதினோரு கடன்களின் விவரத்தைத் தாளில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்ப எதுக்கு சார் இது?" என்றார். மனுவில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் வேறு யாரோ. சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

பையன் அதற்கப்புறமும் தீக்குச்சிப் பெட்டியை விடவில்லை. நேற்று ஆபீசிலிருந்து வந்தபோது கூடத்தில் வேறொன்று கட்டியிருந்தான். எட்டு வீடுகள், நடுவில் ஒரு வீட்டளவு முற்றம் விட்டு, நாலு புறமும் சுற்றி. கடைசி வீடு முதல் வீட்டின் சுவரில் வந்து முட்டி நின்றது.

"எண்ணிப் பாருங்க மாமா."

எண்ணினேன். 24. தனியாக நிற்கும் அந்த முதல் சுவர் இங்கே இல்லை. எல்லாச் சுவரும் யாரோ இருவருக்குப் பொது.

"பதினாறு வீடு இப்படிச் சுத்தி வெச்சா?"

நான் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்: "நாப்பத்தெட்டு. இங்க ரெண்டு மடங்கு வரும் மாமா. அன்னைக்கு நான் சொன்னது இந்தத் தெருவுக்கு."